நடுக்கம் சொல்லும் சேதி

80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் பழைய கார் நடுங்கினால், வண்டிக்கு வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். நல்ல மெக்கானிக் அப்படி விடமாட்டார். நடுக்கம் எங்கே, எப்போது என்று கேட்பார். எனக்கு அந்தக் கேள்விகளே இந்தத் தொழிலின் அழகு. ஸ்டீயரிங் ஆடினால் முதல் சந்தேகம் முன்சக்கரம். இருக்கை அதிர்ந்தால் பின்சக்கரம். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் வந்தால் டிஸ்க். காலியான சாலையில் நியூட்ரலுக்கு மாற்றியும் நடுக்கம் அதே அளவில் நீடித்தால், இன்ஜின்மேல் பழி போட முடியாது. 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குப் பதினைந்து சுற்று சுற்றுகிறது. ரிம் ஓரத்தில் சமநிலைக்காகப் பொருத்திய 20 கிராம் ஈயக்கட்டி கழன்று விழுந்திருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ மூன்றரை கிலோ இழுவிசை அச்சை உலுக்கும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. மெதுவாகப் போகையில் தெரியாததன் காரணம் இதுதான்.

‘இத்தனை யோசனை எதற்கு, வீல் பேலன்சிங் செய்தால் போதுமே’ எனலாம். பெரும்பாலும் போதும்தான். ஆனால் உள்ளே கம்பி அடுக்கு பிரிந்து வட்டம் கெட்ட டயர், பேலன்சிங் எந்திரத்தில் பூஜ்யம் காட்டிவிட்டுச் சாலையில் மறுபடி உதறும். அது வெடிக்கவும் கூடும். பாகங்களை மாற்றச் சொல்லுமுன், மெக்கானிக்கை உட்காரவைத்து ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள்.