அச்சம், பதற்றம், கோளாறு: உளநல மொழிபெயர்ப்பில் சொல்லும் தொடரும்

உளநல மருத்துவத்தில் சொல்லே சோதனைக் கருவி. குருதியில் சர்க்கரையை அறிய ஒரு துளி குருதி போதும். பதற்றத்தையும் அச்சத்தையும் அறிய வினாவும் விடையுமே உள்ளன. 2006ஆம் ஆண்டு வெளியான ஜிஏடி-7 என்னும் வினாநிரலை எடுத்துக்கொள்ளலாம். கடந்த இரண்டு வார அனுபவம் பற்றி ஏழு வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 10ஐத் தொட்டால் மேலும் ஆராய வேண்டும் என்பது பொது நடைமுறை. வினாவிலுள்ள ஒரு சொல்லை விடையளிப்பவர் வேறு பொருளில் கொண்டால் எண் மாறும். எண் மாறினால் மருத்துவரைக் காண வேண்டியவர் வீடு திரும்பிவிடக்கூடும். ஆகவே இத்துறை மொழிபெயர்ப்பை நடைநயம் கருதி மதிப்பிடுவதில் பயனில்லை. வினா கேட்பவர் காதில் என்ன பொருள் தருகிறது என்பதே அளவுகோல்.

இத்தகைய தமிழாக்கங்களைச் சரிபார்க்கப் பெரிதும் நம்பப்படுவது மறுமொழிபெயர்ப்பு முறை. ஒருவர் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவார். மூலத்தைக் காணாத மற்றொருவர் அதனை மீண்டும் ஆங்கிலமாக்குவார். இரண்டு ஆங்கில வடிவங்களும் ஒத்திருந்தால் தமிழாக்கம் தேறியதாகக் கொள்ளப்படும். ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் எழுதிய கட்டுரைக்குப் பின் இம்முறை பண்பாட்டிடை உளவியலில் நிலைபெற்றது. இதன் குறை மொழியியலார்க்கு எளிதில் புலப்படும். இரு மொழிபெயர்ப்பாளரும் ஒரே கலைச்சொற் பட்டியலில் பயின்றவர்கள். முதலாமவர் 'ஆங்சைட்டி'யைப் பதற்றம் என்றால் இரண்டாமவர் பதற்றத்தை 'ஆங்சைட்டி' என்பார், ஒப்புமை முழுமையாகிவிடும். முதலாமவர் துணிந்து 'படபடப்பாக இருக்கிறதா?' என்று எழுதினாலோ, இரண்டாமவர் அதனை இதயத் துடிப்பு என்னும் பொருளில் ஆங்கிலமாக்குவார். வழக்குச் சொல் தள்ளுபடியாகும். இருவரின் அகராதியறிவை அளந்த சோதனை நோயாளியின் புரிதலை அளந்ததாக எண்ணப்படுகிறது. விடையளிப்போரிடமே அவர்கள் கொண்ட பொருளைக் கேட்டறியும் படியை உலக நலவாழ்வு நிறுவனத்தின் நெறிமுறை சேர்த்திருக்கிறது. காலமும் பணமும் குறையும்போது முதலில் சுருங்குவது அந்தப் படியே.

பதற்றம் என்னும் சொல்லின் வழக்கை நோக்கினால் சிக்கல் விளங்கும். செய்தித்தாளில் எல்லையில் நிலவுவது பதற்றம். தேர்தல் நாளில் சில வாக்குச்சாவடிகள் பதற்றமானவை. தனி மனிதரைக் குறிக்கையில் அது விரைவோடும் தடுமாற்றத்தோடும் இயைந்து வரும். பதற்றத்தில் சாவியை மறந்தார் என்பர். மாதக்கணக்கில் நீடிக்கும் நிலைக்கு அது இயல்பாகப் பொருந்துவதில்லை. நீடிப்பைச் சுட்டும் சொல் கவலை. (பழந்தமிழில் இச்சொல் கிளை பிரியும் வழியையும் குறித்தது என்பதை அகராதிகள் பதிவு செய்துள்ளன.) ஆனால் பேச்சில் கவலை துயரத்தையும் தழுவி நிற்கிறது, இறப்பு நேர்ந்த வீட்டிலும் 'கவலைப்படாதீர்கள்' என்பதே ஆறுதல் மொழி. பதற்ற வினாநிரலில் கவலையும் மனச்சோர்வு வினாநிரலில் வருத்தமும் இடம்பெற்றால், ஒரே துயரம் ஈரிடத்தில் மதிப்பெண் பெறும். பதற்றமும் மனச்சோர்வும் உடனிகழ்வன என்பது உலகெங்கும் அறியப்பட்ட உண்மை. எனினும் தமிழ்த் தரவில் அவ்வுடனிகழ்வில் எவ்வளவு நோயினால் வந்தது, எவ்வளவு சொல்லினால் வந்தது என்று பிரித்தறிய இயலாமற் போகிறது.

வட்டார வேறுபாடு இதனை மேலும் சிக்கலாக்குகிறது. இலங்கைத் தமிழில் வருத்தம் என்பது நோய். வருத்தக்காரர் என்பவர் நோயாளி. சென்னையில் துயரத்தைக் கேட்கும் வினா யாழ்ப்பாணத்தில் காய்ச்சலைக் கேட்பதாகிவிடும். அங்கே 'ஆங்சைட்டி'க்கு வழங்கும் பதகளிப்பு தமிழ்நாட்டு வாசகர் பலருக்குப் புதிது. கலைச்சொல்லாளர் ஒதுக்கும் 'டென்ஷன்' தமிழ்நாட்டுப் பேச்சில் இவ்விடத்தைப் பிடித்துக்கொண்டுள்ளது; ஆனால் அதில் சினமும் கலந்திருக்கிறது.

சொல்லைவிடத் தொடரமைப்பே முதன்மையானது. சொற்பட்டியல்கள் அச்சத்தைப் பெயராகவே காண்கின்றன. தமிழ் அதனைத் தொடரில் வைத்து நுட்பமாகப் பாகுபடுத்துகிறது. 'நாயைப் பார்த்துப் பயந்தான்' என்பது ஒரு நிகழ்ச்சி. 'அவனுக்கு நாய் என்றால் பயம்' என்பது நிலைத்த இயல்பு. நாய் எதிரில் இருக்க வேண்டுவதில்லை. நான்காம் வேற்றுமை ஏற்ற அனுபவிப்பாளர், 'என்றால்' என்னும் நிபந்தனை, வினையற்ற பெயர்ப் பயனிலை ஆகிய மூன்றும் சேர்ந்த இந்த அமைப்பு 'ஃபோபியா' என்னும் கருத்துக்கு மிக அணுக்கமானது. பொருளற்ற பதற்றத்துக்கு வேறோர் அமைப்பு உண்டு: 'வயிற்றைக் கலக்குகிறது', 'நெஞ்சை அடைக்கிறது', 'தலையைச் சுற்றுகிறது'. இங்கே எழுவாயே இல்லை. உறுப்பு இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறது. கலக்குவது எது என்று தொடர் சொல்வதில்லை. காரணம் புலப்படாத பதற்றத்தைக் கூற இதனினும் பொருத்தமான இலக்கணம் வேண்டுமா என்பது ஐயமே.

இவ்வகைத் தொடர்களைக் கேட்டு, இந்திய நோயாளிகள் உளத் துன்பத்தை உடல் துன்பமாக மாற்றிச் சொல்கின்றனர் என்று எழுதுவது மருத்துவ இலக்கியத்தில் நெடுநாள் மரபு. இம்முடிவு இலக்கணத்தை நோய்க்குறியாகப் படித்ததால் விளைந்தது. அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் டிஎஸ்எம் கையேடு பீதித் தாக்குதலுக்குத் தரும் 13 குறிகளில் பத்து உடல் சார்ந்தவையே: நெஞ்சுத் துடிப்பு, வியர்வை, நடுக்கம், மூச்சுத் திணறல் முதலாயின. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்தை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக்கி, வருத்தும் தெய்வம், விலங்கு, கள்வர், தலைமையுடையோர் என அது பிறக்கும் களங்களை நான்காக்குகிறது. வெருவுதல், வியர்த்தல், உயிர்ப்பு, நடுக்கு ஆகியவற்றைப் பின்னர்த் தனியே எண்ணுகிறது. அது மருத்துவ நூலன்று. நோய்ப் பாகுபாட்டை அதில் தேடுவது வீண். உடலில் தோன்றுவதைக் கொண்டு உள்ளத்தை அறியும் மரபு தமிழில் பழையது என்பதற்கு மட்டும் அது சான்று.

'ஃபோபியா'வைத் தமிழாக்குவதில் இரு வழக்குகள் மயங்குகின்றன. வெறிநாய்க்கடிக்கு நீர்வெறுப்பு நோய் என்றொரு பெயர் உண்டு. நோயாளி நீரை வெறுப்பதில்லை. விழுங்க முயலும்போது தொண்டைத் தசை இழுப்பதால் அஞ்சுகிறார். அயலார் மீதான பகைமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலும் இதே ஈறு வருகிறது. அங்கே வெறுப்பு என்பதே சரி. ஓர் ஈற்றுக்கு ஒரே நிகரன் என்னும் கொள்கையை இவ்விடத்தில் கைவிட வேண்டும். 'அகோராஃபோபியா'வில் தவறு இன்னும் கடுமையானது. கார்ல் வெஸ்ட்ஃபால் 1871இல் இப்பெயரை இட்டபோது, நகரச் சதுக்கங்களைக் கடக்க அஞ்சியோரை விவரித்தார். பிற்காலத்தில் கருத்து விரிந்தது. கூட்டம், பேருந்து, வீட்டை விட்டுத் தனியே செல்லல் என, உடனே விலகிச் செல்லவோ உதவி பெறவோ அரிதான இடங்களெல்லாம் அதில் அடங்கும். 'திறந்தவெளி அச்சம்' என்னும் தமிழாக்கம் சொல்லின் பிறப்பைப் பெயர்த்து நோயைத் தவறவிட்டது. நெரிசலான பேருந்தில் மூச்சு முட்டி, பாதி வழியில் இறங்கிவிடும் பெண் துண்டறிக்கையில் இத்தலைப்பைக் கண்டால், இது தனக்குரியதன்று என்று மடித்து வைத்துவிடுவார்.

'டிஸார்டர்' என்பதற்கு நோய், கோளாறு என இரண்டும் வழங்குகின்றன. நோய் என்னும் கருத்து எழுப்பும் சிக்கல்களைத் தவிர்க்கவே அச்சொல்லைத் தேர்ந்ததாக ஐசிடி-10 கூறுகிறது. நோய் என்று தமிழாக்கினால் அந்த எச்சரிக்கை அழிகிறது. கோளாறு இயந்திரத்துக்கும் செரிமானத்துக்கும் இழுக்கின்றி வருகிறது. மூளையோடு சேர்ந்தால் வசையாகிறது. இவ்விரண்டினும் அண்மைக் காலத்தில் பரவிய 'மனநலப் பாதிப்பு' ஏற்கத்தக்கது, துல்லியம் குறைந்ததாயினும்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒப்புதல் என்பது அவர் புரிந்துகொள்ளும் மொழியிலும் முறையிலும் தகவல் தந்து பெறப்பட வேண்டும் என வரையறுக்கிறது. தமிழில் அச்சிட்டதனாலேயே அந்நிபந்தனை நிறைவேறியதாகக் கொள்ள முடியாது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணில், குரல்வழிப் பேச்சில் முகம் காணாது சொல்லை மட்டும் கேட்கும் நிலை வருகிறது. 'நெஞ்சை அடைக்கிறது' என்பவருக்கு இதய நோயும் இருக்கலாம். அதனை முதலில் விலக்கியாக வேண்டும். விலக்கிய பின் பதற்றம் உண்டா என்று கேட்பதைவிட, எங்கே இருந்தபோது அடைத்தது, எதை நினைத்தபோது, மறுபடியும் அங்கே போக முடிகிறதா என்று கேட்பதே தமிழில் விடை பெறும் வினா.