வில்லி ஸ்டார்க்கின் பாதி உபதேசம்

அமெரிக்கக் கவிஞரும் நாவலாசிரியருமான ராபர்ட் பென் வாரன் 1946-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஆல் தி கிங்ஸ் மென்' நாவலின் ஆளுநர் வில்லி ஸ்டார்க்கிடம், 1935-இல் சுட்டுக் கொல்லப்பட்ட லூயிசியானா தலைவர் ஹியூயி லாங்கின் சாயல் உண்டு. எனவே பலரும் இந்நூலை ஓர் அரசியல்வாதியின் வீழ்ச்சியாகவே வாசிக்கின்றனர். ஆனால் கதையைச் சொல்பவனும், அதில் நெடுந்தூரம் நடந்து மாறுகிறவனும் அவனுடைய உதவியாளன் ஜாக் பர்டனே.

ஸ்டார்க் நேர்மையோடு தொடங்கியவன். பள்ளிக்கூடக் கட்டட ஒப்பந்த ஊழலை எதிர்த்துப் பதவியிழந்தவன். ஆளுநரானபின் ஏழைகளுக்குச் சாலைகள் அமைக்கிறான். அதற்கென மிரட்டலையும் கையாளுகிறான். இதற்கு அவன் காட்டும் நியாயம் இறையியலிலிருந்தே பிறக்கிறது. பிரெஸ்பிட்டேரியன் ஞாயிறு பள்ளியில் ஜென்மபாவத்தைக் கற்றவன் அவன். எல்லாரும் பாவிகளானால், எவனிடத்தில் தோண்டினாலும் கறை அகப்படும். நன்மையையும் தீமையிலிருந்தே உண்டாக்க வேண்டும் என்பது அவன் முடிவு. மனிதன் தன்னையே ஆராய்வதற்கான உபதேசம் இங்கே பிறரை அடக்கும் ஆயுதமாகிறது. கிருபையையும் மனந்திரும்புதலையும் விட்டுப் பாவத்தை மாத்திரம் பற்றிக்கொண்ட பாதி உபதேசம் அது.

தோண்டுகிற கை ஜாக்கினுடையது. சரித்திரம் பயின்ற அவன், உண்மைகளை எடுத்துத் தருவதே தன் வேலை, விளைவு தன்னைச் சார்ந்ததல்ல என எண்ணுகிறான். இளமையில் தன்னை அன்போடு பேணிய நீதிபதி இர்வின் முன்னொரு காலத்தில் வாங்கிய லஞ்சத்தையும் கண்டெடுக்கிறான். நீதிபதி தற்கொலை செய்துகொண்ட பின்னரே, அவர் தன்னைப் பெற்ற தகப்பன் என அறிகிறான்.

மறுபுறம், மாசற்றவனாக வாழ முயன்ற மருத்துவன் ஆடம் ஸ்டான்டன், தன் சகோதரிக்கும் ஸ்டார்க்குக்கும் உள்ள உறவைக் கேள்வியுற்று அவனைச் சுடுகிறான். தீமையோடு உடன்பட்டவனும் அதைச் சகியாதவனும் ஒரே நாளின் குண்டுகளுக்கு இரையாகின்றனர்.

நாவலின் மெய்யான திருப்பம் இதற்குப் பின்னரே வருகிறது. ஆடமைத் தூண்டிவிட்டவன் டைனி டஃபி என்பதை ஜாக் அறிகிறான். அந்தப் பெயரை ஸ்டார்க்கின் ஓட்டுநர் ஷுகர் பாயிடம் சொன்னால் போதும். டஃபி அன்றே மடிவான். ஜாக் சொல்லாமல் விடுகிறான். உண்மையைத் தோண்டி விற்றவன், உண்மைக்கும் இரத்தப்பழி உண்டு எனக் கற்ற இடம் இதுவே.

ஸ்டார்க்கின் மாநிலத்துக் கறுப்பின மக்கள் பெரும்பாலும் பின்னணியிலேயே நிற்பது நாவலின் குறை. எனினும், அதிகாரத்துக்குப் பணிபுரிந்துவிட்டு "நான் வெறும் கருவி" என்பவனை இந்நூல் தப்பவிடுவதில்லை. பாவத்தைப் பிரசங்கிக்கும் நாமும் அதை எதற்காகச் சொல்லுகிறோம் என்பதை ஆராய்ந்தறிவது நலம்.