ஆறாத வடுவும் ஆற்றும் கவிதையும்

குழந்தைப் பருவத்துக் காயங்கள் எல்லாம் அடியாலும் வசையாலும் நேர்வன அல்ல. சாத்தப்பட்ட ஒரு கதவும் காயப்படுத்தும். அதைச் சாத்தியவர்கள் பகைவர்களாயின், அவர்களைப் பழித்தேனும் நெஞ்சம் ஆறுதல் பெறும். சாத்தியவர்கள் அன்பு மிகுந்த அத்தாவும் அம்மாவுமாயின் அந்தப் பிள்ளை யாரிடம் சென்று முறையிடும்? அன்பின் பெயரால் நேர்ந்ததை அநீதி என்று அழைக்கவும் அதற்குத் தெரியாது. பெயரின்றி நெஞ்சில் கிடக்கும் அத்துயருக்குச் சொல்லைத் தேடித் தருவதே கவிதை செய்யும் முதல் மருத்துவம் என நாம் கருதுகிறோம். இதற்கு, நம் சமுதாயத்திலேயே தோன்றிய ஒரு கவிஞரின் எழுத்தைச் சான்றாகக் கொள்வோம்.

திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சியில் 1968-ஆம் ஆண்டு பிறந்தவர் கவிஞர் சல்மா. சல்மா என்பது அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட புனைபெயர். 13 வயதளவில் அவருடைய பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்டது. வயதுக்கு வந்த குமர் வெளியே போகலாகாது என்ற ஊர் வழக்கத்தின்படி அவர் பல ஆண்டுகள் வீட்டிற்குள்ளேயே வைக்கப்பட்டார். புத்தகங்களே அவருக்குத் துணையாயின. திருமணத்திற்குப் பின்னும் மறைவாகவே எழுத வேண்டியிருந்தது. வீட்டார் உறங்கிய பின் கழிவறைக்குள் நின்று, கிடைத்த தாள்களில் எழுதியதாக அவரே நேர்காணல்களில் கூறியுள்ளார். அத்தாள்களை வெளியுலகுக்குக் கொண்டு சேர்க்க உதவியவர் அவரைப் பெற்ற தாயார். ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ 2000-ஆம் ஆண்டிலும், ‘பச்சை தேவதை’ 2003-ஆம் ஆண்டிலும் நூல்களாக வெளிவந்தன.

முதல் தொகுதியின் தலைப்பே ஒரு வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறது. வெளியே செல்பவனுக்கு ஒவ்வொரு மாலையும் வேறு வேறு. அடைபட்டிருப்பவளுக்கோ ஒரு மாலைக்கும் இன்னொரு மாலைக்கும் வேற்றுமை இல்லை. நாள்களைப் பிரித்தறியும் உரிமையையே இழந்த ஒரு பருவம் அக்கவிதைகளில் பேசுகிறது. அறையும் இரவும் உறக்கமின்மையும் அவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. எனினும் அவற்றில் கூச்சல் இல்லை, சாபமும் இல்லை. பக்கத்து அறையில் உறங்குவோர் விழித்துவிடக் கூடாதே என்று எண்ணிப் பேசுபவரின் தாழ்ந்த குரலை நாம் கேட்கிறோம். அக்குரலே இக்கவிதைகளின் வலிமை எனலாம்.

குறை இல்லாமலும் இல்லை. இரு தொகுதிகளையும் ஒருசேரப் படிப்போர்க்கு ஒரே அறையைச் சுற்றிச் சுற்றி வருவது போன்ற களைப்புத் தோன்றும். துயரம் சொல்லைப் பெற்றுவிட்டது. ஆனால் அறையைவிட்டு இன்னும் வெளியேறவில்லை. காயத்தைச் சொல்வதும் காயம் ஆறுவதும் ஒன்றல்ல என்பதை அக்கவிதைகளே நமக்குக் காட்டுகின்றன.

அடுத்த படியை அவருடைய ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ என்ற புதினத்தில் (2004) காண்கிறோம். அதில் ராபியா என்னும் சிறுமியின் கண்கள் வழியே ஒரு முஸ்லிம் சிற்றூரின் பெண்கள் நம் முன் வருகிறார்கள். கவிதையில் ‘நான்’ என்று பேசிய துயரம் இங்கே ‘அவர்கள்’ என்று விரிகிறது. மகளுக்குக் கதவைச் சாத்தும் தாயும் தன் பருவத்தில் அடைக்கப்பட்டவளே என்ற உண்மை புலனாகிறது. தன்னை வருத்தியவர்களின் வருத்தத்தையும் காண முடிந்த நெஞ்சமே ஆறத் தொடங்கிய நெஞ்சம். ஆயினும் அந்த நெஞ்சம் நேர்ந்ததை நியாயம் என்று ஏற்றுக்கொண்டதாக நாம் கொள்ளலாகாது. அப்புதினம் எந்த அநீதியையும் பூசி மெழுகவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டு வருவது தகுமா, பிறர் நம் சமுதாயத்தை இழிவாகப் பேச இது இடம் தராதா என்பர் பெரியோர் சிலர். அவர்தம் அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. நம்மைப் பழிப்பதற்கென்றே இத்தகைய நூல்களைக் கையில் எடுப்போரும் உண்டு. ஆனால் சிறுமியின் பள்ளிப் படிப்பை நிறுத்தியது மார்க்கமா, ஊர் வழக்கமா? கல்வி தேடுவதைக் கடமையாக்கிய மார்க்கம் இது. உயிரோடு புதைக்கப்பட்ட பெண்மகவு எப்பாவத்திற்காகக் கொல்லப்பட்டாள் என்று வினவப்படும் நாளைத் திருமறையின் 81-ஆம் அத்தியாயம் நினைவூட்டுகிறது. பேச இயலாதிருந்தவளுக்கு அங்கே நீதியின் முன் இடம் கிடைக்கிறது. கவிஞர் ஹஸ்ஸான் (ரலி) அவர்களுக்குப் பள்ளிவாசலிலேயே மேடை அமைத்துத் தந்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். உடன்பிறந்தாரை இழந்து இரங்கற்பாக்கள் பாடிய கன்ஸா (ரலி) அவர்களின் பெயர் அரபு இலக்கியத்தில் இன்றளவும் நிலைத்து நிற்கிறது. துயரம் பாடும் பெண்குரல் நமக்குப் புதிதன்று.

சல்மா 2001-ஆம் ஆண்டு தம் ஊரின் பேரூராட்சித் தலைவரானார். 2025-ஆம் ஆண்டு மாநிலங்களவை உறுப்பினரானார். இவை பெருமைக்குரியன. ஆயினும் பதவி பழைய காயத்தை மறைக்கலாம்; ஆற்றிவிடாது. ஆற்றும் பணி அதற்கு வெகு முன்பே, தாயார் அத்தாள்களைக் கையில் வாங்கிய கணத்தில் தொடங்கிவிட்டது என்பதே நம் எண்ணம். மகளை வீட்டிலிருத்திய அதே இல்லத்தின் தாய், மகளின் சொல்லை வெளியே அனுப்பினார். எழுதியவள் தனியாக எழுதினாள். ஆனால் அவள் தனியாக ஆறவில்லை. கவிதை மருந்தாவதற்கு அதை வாங்கிக்கொள்ள ஒரு கை வேண்டும்.

அந்தக் கை ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறது. நம் வீட்டுப் பெண்பிள்ளை குறிப்பேட்டில் எதையோ எழுதி மறைக்கிறாள் என்றால், அதைப் பறித்துப் படிக்கவும் வேண்டாம், கிழித்தெறியவும் வேண்டாம். அவளாக நீட்டும் நாள்வரை காத்திருந்து, நீட்டும்போது பொறுமையுடன் வாங்கிப் படிப்போம். அதில் நம்மைப் பற்றிய முறையீடு இருந்தாலும் இறுதிவரை படிப்போம்.