வெறுப்புக்கு ஒரு நாற்காலி

2009 அக்டோபர் 22 இரவு, பிபிசியின் 'கொஸ்டின் டைம்' விவாத நிகழ்ச்சியில் நிக் கிரிஃபின் முதன்முறையாக வந்து உட்கார்ந்தார். அன்று வெள்ளையர் அல்லாதவர்களை உறுப்பினராகவே சேர்க்காத பிரிட்டிஷ் தேசியக் கட்சியின் தலைவராக இருந்தவர் அவர். நிலையத்துக்கு வெளியே நூற்றுக்கணக்கானோர் எதிர்த்து முழங்கினார்கள். நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் ஏறக்குறைய 80 லட்சம் பேர்; வழக்கத்தைவிடச் சுமார் மூன்று மடங்கு. குடியேறிகள் மீதான வெறுப்புப் பேச்சுக்கு ஊடகம் இடம் தரலாமா என்ற வழக்கில் இரு தரப்பும் இந்த ஒரு மணி நேரத்தைத்தான் சாட்சிக்கு அழைக்கின்றன.

பிபிசியின் வாதத்தில் வலு இருந்தது. அந்த ஆண்டு ஜூனில்தான் கிரிஃபினின் கட்சி ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 2 இடங்களை வென்றிருந்தது. மக்கள் வாக்களித்த ஒருவரைத் தடுப்பது ஒளிபரப்பாளரின் வேலையா? தடை வேண்டுமென்றால் அதை நாடாளுமன்றமே விதிக்கட்டும் என்றார் அன்றைய தலைமை இயக்குநர் மார்க் தாம்சன். அரசு விதித்த தடையின் கதையையும் பிரிட்டன் அறியும். 1988இல் அயர்லாந்துக் குடியரசுவாதக் கட்சியான சின் ஃபெய்னின் தலைவர்களின் குரலை ஒலிபரப்பத் தடை வந்தது. தொலைக்காட்சிகள் நடிகர்களை வைத்து அவர்களுக்குப் பின்னணி பேசவைத்தன. 1994இல் நீக்கப்படும்வரை அந்தத் தடை நகைப்புக்கு இடமாகவே இருந்தது.

அழைத்ததால் கிடைத்த இன்னொரு பலன், குறுக்கு விசாரணை. யூத இனப்படுகொலையை மறுத்துப் பேசிய பழைய வரலாற்றைக் கேட்டபோது, விளக்கம் சொல்ல ஐரோப்பியச் சட்டம் தடுக்கிறது என்று கிரிஃபின் நழுவினார். அப்படி ஒரு சட்டம் இங்கே இல்லை என்று மடக்கினார் மேடையிலிருந்த நீதித்துறை அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா. 2010 பொதுத்தேர்தலில் அந்தக் கட்சி பெற்றது 1.9 சதவீத வாக்கு. ஓர் இடமும் இல்லை.

வெளிச்சத்தில் வெறுப்பு வாடிவிடும் என்பதற்கு இதுதான் சான்றா? அவ்வளவு எளிதாக முடிவுகட்ட முடியாது. உட்பூசலும் பணமுடையும் அக்கட்சியை அரித்துக்கொண்டிருந்தன. கவனிக்க வேண்டியது அன்று கேட்கப்பட்ட ஒரு கேள்வி: இந்தக் கட்சியின் வளர்ச்சிக்கு அரசின் தவறான குடியேற்றக் கொள்கைதான் காரணமா? கிரிஃபினின் ஆணிவேரான வாதம் அங்கே விவாதத்தின் அடித்தளமாகிவிட்டது. அதற்குப் பதில் சொல்லத் தடுமாறியவர் ஸ்ட்ரா. ஆள் அவமானப்பட்டார், அவருடைய கேள்வி கௌரவம் பெற்றது. விவாத வடிவத்தின் பெரிய குறை இதுவே. வந்தவரைத் தோற்கடிக்கலாம், அவர் கொண்டுவந்த சட்டகத்துக்குள் நின்றபடியே.

பொய் நேரலையில் வரும்போது சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. 2024 செப்டம்பர் 10 அன்று அமெரிக்க அதிபர் வேட்பாளர் விவாதத்தில், ஒஹையோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் குடியேறியவர்கள் வளர்ப்பு நாய்களையும் பூனைகளையும் தின்கிறார்கள் என்றார் டிரம்ப். நம்பத்தக்க புகார் எதுவும் இல்லை என்று நகர நிர்வாகம் தெரிவித்ததை ஏபிசியின் டேவிட் மியூர் அங்கேயே சொன்னார். நெறியாளரின் கடமையில் குறையில்லை. ஆனாலும் அடுத்த சில நாட்களில் அந்நகரின் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் 30க்கும் மேற்பட்ட வெடிகுண்டு மிரட்டல்கள் வந்தன. பொய் ஒரு காட்சியாக மனத்தில் பதிகிறது. திருத்தம் ஒரு தகவலாகக் கடந்துபோகிறது. அதிலும், குறிவைக்கப்பட்ட, ஹைட்டியிலிருந்து குடியேறிய மக்களில் ஒருவருக்கும் அந்த மேடையில் குரல் இல்லை.

அதிபர் வேட்பாளரின் பேச்சை வெட்டி ஒளிபரப்ப முடியாது, மறைத்தால் வாக்காளர்தான் ஏமாறுவார். ஆனால் ஒரு பேச்சைச் செய்தியாக்குவதும் அதைப் பேசுபவரை விருந்தாளியாக்குவதும் ஒன்றல்ல. தேர்தல் மேடை தவிர்க்க முடியாதது. அன்றாட விவாத அரங்கு அப்படியல்ல. அங்கே நாற்காலி போடுவது ஆசிரியர் குழுவின் தேர்வு, அந்தத் தேர்வில் பார்வையாளர் எண்ணிக்கையின் ஆசையும் கலந்திருக்கிறது.

எனவே முழுத்தடையும் தவறு, 'இரு தரப்பு' என்ற பெயரில் நடக்கும் நேரலை மல்லுக்கட்டும் தவறு. வெறுப்பு அரசியலைக் களத்துக்குப் போய் விசாரித்து, பொய்யைச் சொல்லும்போதே பொய் என்று சேர்த்துச் சொல்லும் செய்தியறிக்கையே அதற்குரிய இடம். குடியேறியவர்களையும் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல மட்டும் அழைக்காமல், கேள்வி கேட்பவர்களாக உட்காரவைக்க வேண்டும். இதற்கு நிருபரும் நேரமும் பணமும் தேவை. விவாத அரங்கு மலிவானது என்பதால் இந்தச் செலவைத் தவிர்க்கும் நிறுவனம், கருத்துச் சுதந்திரத்தைக் காரணம் காட்டுவது பொருந்தாது.