ஆடம்பர உடையும் கரிக் கணக்கும்

இக்காலத்தே புதிதாய்ப் பெருகிவரும் எழுத்து வகை ஒன்றுண்டு. அது செய்யுளன்று, கதையுமன்று, பெருங் கம்பெனிகள் உலகிற்கு எழுதிக் கொடுக்கும் வாக்குறுதிப் பத்திரமே அது. நூலை ஆராய்வது போலவே இப்பத்திரங்களையும் சொல் சொல்லாக ஆராய்தல் அறிவுடையோர் கடமையாகும். கதை சுவையற்றதாயின் வாசகனுக்கு நட்டம் ஒரு மாலைப் பொழுதே. வாக்குறுதி பொய்த்தாலோ நட்டம் வானுக்கும் மண்ணுக்கும் ஆகும்.

2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பிரான்சு நாட்டின் பியாரிட்ஸ் நகரில் ஏழு வல்லரசுகளின் மாநாடு கூடிற்று. அங்கே, கெரிங் கம்பெனியின் தலைவர் பினோ முன்னின்று நடத்த, ஷனேல், எர்மெஸ், பிராடா, பர்பரி முதலிய 32 கம்பெனிகள் ஓர் உடன்படிக்கையை வெளியிட்டன. 2050க்குள் தம் தொழிலால் காற்றில் சேரும் கரியமில வாயுவின் நிகர அளவை ஒன்றுமில்லாமற் செய்வது அதன் நோக்கங்களுள் ஒன்று. நோக்கம் நன்றே. ஆயினும் அது தாமே விரும்பி ஏற்ற வாக்கு. தவறினால் தண்டிக்கும் சட்டம் அதன் பின்னால் இல்லை. ஆகவே, அதை நிறுத்துப் பார்க்கும் தராசு எத்தகையது என்பதே நம் கேள்வி.

முதலில் வாயு எங்கே பிறக்கிறது என்று காண்போம். கண்ணாடி மாளிகைபோல் ஒளிரும் கடையில் பிறப்பது சிறுபகுதியே. தோலுக்காகவும் இறைச்சிக்காகவும் வளர்க்கப்படும் மாட்டு மந்தை, கம்பளி தரும் ஆட்டு மந்தை, தோல் பதனிடும் தொட்டி, நூல் ஆலை, சாயப்பட்டறை ஆகிய இடங்களிலேயே பெரும்பகுதி பிறக்கிறது. ஆகவே, “எம் கடைகளில் காற்றாலும் வெயிலாலும் ஆன மின்சாரமே எரிகிறது” என்று ஒருவர் மார்தட்டினால், அது மெய்யாயினும் சிறு மெய்யே.

இனி அளவுகோலைக் காண்போம். 2015ஐ அடிப்படையாகக் கொண்டு, தன் சுற்றுச்சூழல் தீங்கை 2025க்குள் 40 விழுக்காடு குறைப்பதாகக் கெரிங் கூறியது. 2021லேயே அதை எட்டிவிட்டதாகவும் அறிவித்தது. ஆனால் குறைந்தது மொத்தத் தீங்கன்று. விற்பனை வருவாயோடு ஒப்பிட்ட விகிதமே. இதன் பொருள் யாது? மளிகைக் கடையில் 100 வெள்ளி கடன்பட்ட ஒருவன், தன் கூலி இருமடங்கானதும், “கூலியோடு ஒப்பிட்டால் என் கடன் பாதியாகிவிட்டது” என்றால் கடைக்காரர் ஒப்புவாரா? பேரேட்டில் 100 வெள்ளி அப்படியேயன்றோ நிற்கும்! ஆடம்பரத் தொழிலில் விலையை உயர்த்துவது எளிது. அதே பையை, அதே தோலால் தைத்து, விலையை மட்டும் ஏற்றினால், ஒரு குன்றிமணி வாயுவும் குறையாமலே விகிதம் இறங்கிவிடும்.

அடுத்து ஈடுசெய்யும் வழக்கம். கெரிங்கைச் சேர்ந்த கூச்சி 2019இல் தன் தொழில் முழுதும் கரிச் சமநிலை எய்திற்று என்றது. தான் குறைக்க இயலாத வாயுவுக்கு ஈடாக, பெரு, கென்யா, இந்தோனேசியா, கம்போடியா ஆகிய நாடுகளின் காடுகளைக் காக்கும் திட்டங்களுக்குப் பணம் தந்தது. காட்டைக் காப்பது நற்செயலே. ஆயினும், பணம் தராவிடின் அக்காடு அழிந்திருக்கும் என்பதை எவர் நிறுவுவார்? 2023 ஜனவரியில் கார்டியன் முதலிய ஏடுகள் கூடி நடத்திய ஆராய்ச்சி, வெர்ரா என்னும் அமைப்பு சான்றளித்த மழைக்காட்டுப் பத்திரங்களுள் பெரும்பாலானவற்றால் உண்மையான குறைவு நேர்ந்திராது என்று கூறியது. வெர்ரா அதை மறுத்தது. எனினும், அதே ஆண்டில் கூச்சி தன் சமநிலை உரையைத் தன் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டது.

“யாம் விற்பன சில, அவை நெடுங்காலம் உழைப்பன” என்பது ஆடம்பரத்தார் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் பர்பரி ஓராண்டில் 2 கோடியே 86 லட்சம் பவுன் மதிப்புள்ள விற்காத சரக்கை அழித்த செய்தி 2018இல் வெளியாயிற்று. உலகம் இகழவே, அவ்வழக்கத்தை விடுவதாக அவ்வாண்டே அறிவித்தது. நெடுங்காலம் உழைக்கவேண்டிய பொருள் ஒருநாளும் உடுத்தப்படாமல் அழிந்ததே! பின்னர் 2020இல் பிரான்சு நாடு இத்தகைய அழிவைத் தடுக்கச் சட்டமே இயற்றிற்று. இகழ்ச்சியும் சட்டமும் செய்வதை வாக்குறுதி தானாகச் செய்வதில்லை.

குறை கூறுவதே நம் நோக்கமன்று. 2023 மார்ச்சில் கெரிங், 2021ஐ அடிப்படையாகக் கொண்டு 2035க்குள் தன் மொத்த வாயுவையே 40 விழுக்காடு குறைப்பதாக உரைத்தது. வருவாய் பெருகினாலும் சிறுத்தாலும் மொத்தம் குறைந்தே தீரவேண்டும் என்பதால், இதை மேம்பட்ட வாக்கு எனப் போற்றுவோம். ஆண்டுதோறும் கணக்கும் கேட்போம்.

அன்பர்களே! இனி இத்தகைய பத்திரம் கைக்கு வந்தால் மூன்று கேள்விகளை எழுப்புங்கள். குறைவது மொத்தமா, விகிதமா? கணக்கு கடையோடு நிற்கிறதா, மந்தையும் ஆலையும் வரை செல்கிறதா? தாமே குறைக்கிறார்களா, பிறர் காட்டுக்கு விலை தருகிறார்களா? ஆடம்பரப் பையை வாங்குவோர் சிலர். வெயில் சுடுவதும் வெள்ளம் புகுவதும் எல்லார் வீட்டிலும். பையைக் கண்ணாலும் காணாதவனுக்கும் இக்கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு.