பொட்டு, கிராதி, கீல்

சிங்கப்பூரில் மூவறை வீடு என்றால் படுக்கையறை இரண்டுதான். கூடத்தையும் ஓர் அறையாக எண்ணிவிடுவார்கள். அப்படிப்பட்ட வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் லெகோ சேர்க்கிறவனுக்கு முதலில் பழகிப்போவது ஒரு சத்தம். பெரிய டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவும்போது எழும் சரசரப்பு, கூழாங்கற்களை இழுத்துக்கொண்டு அலை பின்வாங்குவதுபோல் இருக்கும். எனக்குப் பிடித்த சத்தம்தான். ஆனால் சேகரிப்பை உண்மையிலேயே அழகாக வைத்திருப்பவர்களின் வீட்டில் அது கேட்பதில்லை. இழுப்பறை திறக்கும், இரண்டு விரல் உள்ளே போகும், மூடும். அந்த அமைதியைக் கேட்ட பிறகுதான், அடுக்கி வைப்பதும் கட்டுவதைப் போலவே ஒரு கலை என்று எனக்குப் பட்டது.

இந்தச் சேகரிப்பில் எதுவும் காலாவதி ஆவதில்லை. டென்மார்க்கில், உள்ளே குழாய் வைத்த லெகோ பிரிக்குக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். அந்த ஆண்டின் வடிவத்தில் வந்த பிரிக் இன்று வாங்கிய பெட்டியிலுள்ள பிரிக்கோடு சேரும். ஆகவே தூக்கிப் போடக் காரணமே கிடைக்காது. குவியல் ஏறிக்கொண்டேதான் போகும், வீடு அதே அளவில்தான் இருக்கும்.

நல்லவேளையாக, அந்தத் துண்டுகளுக்குள்ளேயே கணக்கு இருக்கிறது. பிரிக்கின் மேலுள்ள ஒரு குமிழிலிருந்து அடுத்த குமிழுக்கு 8 மில்லிமீட்டர். பிரிக்கின் உயரம் 9.6, தட்டையான பிளேட்டின் உயரம் 3.2. மூன்று பிளேட் அடுக்கினால் ஒரு பிரிக். ஐந்து அடுக்கினால் 16 மில்லிமீட்டர், அதாவது சரியாக இரண்டு குமிழ் அகலம். இந்தக் கடைசிப் பொருத்தத்தை முதன்முதலில் விரலால் உணர்ந்தபோது எனக்குச் சிலிர்த்தது. அதன்பின் கடையில் டப்பாவைப் பார்த்தால் மனம் குமிழால்தான் அளக்கிறது: உள்ளகலம் 12.8 சென்டிமீட்டரா, அப்படியானால் 16 குமிழ். இரண்டுக்கு நான்கு குமிழ் பிரிக் ஒன்று ஐந்து கன சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு லிட்டர் டப்பாவில் இண்டு இடுக்கில்லாமல் அடுக்கினால் கணக்குப்படி 200 கொள்ளும். கொட்டி நிரப்பினால் அதற்கு வெகு முன்பே மூடி இறங்க மறுக்கும். சின்ன வீட்டுக்காரன் டப்பாவில் காற்றைச் சேமிக்க முடியாது. என்னுடைய பிளேட்டுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சொருகி, கட்டுக் கட்டாகத்தான் தூங்குகின்றன.

எதை எதோடு சேர்ப்பது என்பதில்தான் ஒருவருடைய ரசனை தெரியும். புதிதாகத் தொடங்குகிறவர் எவரும் நிறம் பார்த்தே பிரிப்பார். சிவப்பு ஒரு டப்பா, நீலம் ஒரு டப்பா. அலமாரியில் வைத்தால் வானவில்தான். ஆனால் கறுப்பு டப்பாவுக்குள் ஒரு சின்னக் கறுப்புக் கீலைத் தேடிப் பாருங்கள். நிழலும் துண்டும் ஒரே நிறமாகிவிடும், கண் தவிக்கும். அதையே மாற்றி, எல்லா நிறக் கீலையும் ஒரே டப்பாவில் போட்டால் கறுப்பு தானாக எழுந்து வரும். நம் கண் நிறத்தைப் பறித்தெடுக்கும், வடிவத்தைத் துப்பறிந்துதான் கண்டுபிடிக்கும். அதனால் வடிவம் பார்த்துப் பிரிப்பதே என் கட்சி. ஒரே வடிவம் மிதமிஞ்சிச் சேர்ந்த பிறகுதான் அதற்குள் நிறம் பிரிக்கலாம். சாம்பல் நிறத்துக்கு மட்டும் நான் விதிவிலக்குத் தருவேன். 2004 வாக்கில் பழைய சாம்பல் போய் நீலம் கலந்த சாம்பல் வந்தது. இரண்டையும் கலந்து ஒரு கோட்டைச் சுவர் கட்டினால், வேறு வேறு சாயத்தொட்டியில் நனைத்த துணிபோல் சுவர் திட்டுத் திட்டாகத் தெரியும்.

இழுப்பறையை எப்போது இரண்டாக்குவது? நிரம்பியதும் என்பார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. ஒரு துண்டுக்காக மூன்று முறை கிளற வேண்டியிருந்தால், பாதி காலியாக இருந்தாலும் அந்த இழுப்பறையைப் பிரிக்கும் வேளை வந்துவிட்டது. ‘சாய்வு’ என்று ஒன்றாகக் கிடந்தவை ஒரு வருடத்தில் நேர்ச் சாய்வு, தலைகீழ்ச் சாய்வு, வளைசாய்வு என்று கிளை விட்டன. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பெயர் வேண்டும். பல துண்டுகளின் உட்புறத்தில் எண் பொறித்திருக்கும். இரண்டுக்கு நான்கு பிரிக் என்றால் 3001. வாங்கவும் விற்கவும் எண் போதும், ஆனால் கை எண்ணை நினைவில் வைப்பதில்லை. நான் தமிழில் சீட்டெழுதி ஒட்டினேன். ஒரு குமிழ் அளவுள்ள வட்டப் பிளேட்டுக்குப் பொட்டு. கம்பி கம்பியாகக் கோடு போட்ட, குமிழில்லாத டைலுக்குக் கிராதி. இரண்டு குமிழ் இருக்க வேண்டிய இடத்தில் நடுவே ஒன்றே ஒன்று நிற்கும் பிளேட்டுக்கு நடுக்குமிழ். பெயர் வைத்த அன்றே அந்தத் துண்டு எதற்கெல்லாம் ஆகும் என்பதும் தெரிந்துவிட்டது. கிராதி என்று எழுதிய பிறகு பழைய கடைவீடுகளின் காற்றுப்பலகணிகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன.

வெளிச்சம் இந்தச் சேகரிப்புக்கு ஆகாது. துண்டுகளை வார்க்கும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் வெள்ளை, வெயில் பட்டுப் பட்டு மஞ்சளாகும். 90களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக வீடுகளில் இருக்கும் பாம் ஷெல்டர் என்ற குண்டுவீச்சுப் புகலிடம், தடித்த கான்கிரீட் சுவரும் எஃகுக் கதவுமாக, சன்னலே இல்லாத அறை. பெரும்பாலான வீடுகளில் அரிசியும் பெட்டிகளும் பழைய மின்விசிறியும் குடியிருக்கும் இடம். வெள்ளைக்கு அதைவிடப் பாதுகாப்பான இருட்டு கிடையாது. ஆனால் அங்கே தங்கும் ஈரம் தாளுக்கு ஆகாது. செயல்முறைப் புத்தகங்களைச் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வைத்தேன். அட்டைப் பெட்டிகளை மடக்கித் தட்டையாக்கினேன். கழுவ வேண்டியவற்றை 40 டிகிரிக்கு மேல் போகாத வெதுவெதுப்பான நீரில் கழுவி, துணியில் பரப்பி, நிழலில் காய வைக்கலாம்.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தது கட்டியதைக் கலைத்துத் திரும்ப அடுக்கும் இரவுகள். கட்டும்போது மனம் அவசரப்படும், அடுத்த பக்கம் என்ன என்று ஓடும். கலைக்கும்போது அந்த ஓட்டம் இல்லை. ஒவ்வொரு துண்டும் தன் இழுப்பறைக்குத் திரும்பும்போது, இது இந்தக் கூரையில் என்ன வேலை செய்தது என்று ஒரு நொடி பார்க்க முடியும்.

அப்படி ஓர் இரவில் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அச்சகத்தில் தமிழ் அச்சுக் கோத்தவர். அச்சடித்து முடிந்ததும் எழுத்துகளை அறை அறையாகப் பிரித்துப் போடுவது அவருடைய அன்றாட வேலை. ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு அறைகள் எவ்வளவோ அதிகம். கு, கூ, மு, மூ எல்லாம் தனித்தனி வார்ப்பு. என் இழுப்பறைகளை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார்.

“எதுக்குப்பா அதிகமா கை போவுது?”

“பொட்டுக்குத்தாம்பா.”

“அப்ப அதைப் போயி ஏன் இடது ஓரத்துல, அடியில வெச்சிருக்க?”

பெரியது கீழே, சிறியது மேலே, மிச்சம் கிடைத்த இடத்தில் பொட்டு என்று நான் அளவு பார்த்தே அடுக்கியிருந்தேன். அவர் ஒன்றும் விளக்கவில்லை. பொட்டு இழுப்பறையை உருவி, என் வலது முழங்கை மடங்கும் உயரத்தில், நடு வரிசையில் செருகினார். அதன் இரு பக்கமும் ஒன்றுக்கு இரண்டு பிளேட்டும் டைலும் வந்தன. வருடத்துக்கு இரண்டு முறை தொடும் பல்சக்கரங்கள் மேல் மூலைக்கு ஏறின. அச்சகத்தில் ‘ஙூ’ அங்கேதான் இருக்குமாம்.

மறுநாள் இரவு மேசை விளக்கைப் போடுமுன்பே என் கை பொட்டை எடுத்திருந்தது.