பண்டிகைக் கணக்கு

பொங்கலன்று மேடவாக்கத்தில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கும். ஜனம் சொந்த ஊருக்குப் போயிருக்கும். மிச்சமிருப்பவர்கள் டி.வி. முன்னால். காலையில் பட்டிமன்றம், அப்புறம் நட்சத்திரப் பேட்டி, சாயந்திரம் 'இந்தியத் தொலைக்காட்சிகளில் முதல்முறையாக' ஒரு படம்.

அமெரிக்க சேனல்கள் மே மாதமே விளம்பரதாரர்களைக் கூப்பிட்டுப் பட்டியலைக் காட்டும். செப்டம்பரில் புதுத் தொடர்கள் வரும். தேறாதது நடுவிலேயே காலி. நம்ம சீரியலுக்கு அந்த சீஸனெல்லாம் கிடையாது. 'மெட்டி ஒலி' 2002-ல் ஆரம்பித்து 2005 வரை ஓடியது. நமக்கு சீஸன் என்றால் பண்டிகைதான். சன் டி.வி. பிறந்ததே 1993 தமிழ்ப் புத்தாண்டன்று.

அதில் தப்பில்லை. விளம்பர நொடி கீரைக்கட்டு மாதிரி. இன்றைக்கு விற்காவிட்டால் குப்பைதான். புதுப்படம் போட்டால் விலை ஏறும். என் ஆட்சேபம் அந்தப் பேட்டி மேல்தான். கரும்பு கட்டிய செட்டில் பட்டு வேட்டியில் ஹீரோ. பேசுவது பூராவும் அன்றைக்கு ரிலீஸாகும் தன் படத்தைப் பற்றி. விளம்பரத்துக்கு மணிக்கு 12 நிமிடம் என்று கேபிள் டி.வி. விதிகள் வரம்பு போட்டன. இந்த ஒரு மணி நேர விளம்பரம் எந்தக் கணக்கில் சேரும்? நிகழ்ச்சிக் கணக்கில்!

அறுவடைத் திருநாள், ஸார். ஒரு அரை மணி நேரம் நெல் விளைவித்தவரைப் பேசவிடுங்கள். ரிலீஸ் பண்ண அவரிடம் படம் இருக்காது. சொல்ல விஷயம் இருக்கும்.